ஷ்பார்கல்: அடுப்பு மூட்டுமுன் பாதிச் சமையல்

ஷ்பார்கல், அதாவது அஸ்பாரகஸ், வாங்கக் கிளம்புமுன் நாட்காட்டியைப் பாருங்கள். ஜேர்மன் மண்ணில் விளைந்தது ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் 24 வரைதான் கிடைக்கும். ஜூன் 24 புனித யோவானின் திருநாள். தோட்டக்காரர்கள் அன்றோடு வெட்டுவதை நிறுத்திவிடுவார்கள். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம். நாம் சாப்பிடுவது நிலத்துக்குள் இருக்கும் வேர்த்தொகுதியிலிருந்து கிளம்பும் குருத்து. வெட்ட வெட்ட, போன ஆண்டு வேரில் சேர்த்து வைத்ததைச் செடி செலவழித்துக்கொண்டே இருக்கிறது. ஜூன் கடைசியில் கையை எடுத்துவிட்டால், மிச்சக் குருத்துகள் நெஞ்சளவு உயர்ந்து, நூல் நூலாகக் கிளை விரித்து, வெயிலை வாங்கி அடுத்த ஆண்டுக்கான சத்தை வேருக்கு அனுப்பும். ஆசையில் ஜூலையிலும் வெட்டினால் அடுத்த வசந்தத்தில் பாத்தி இளைத்துப்போகும்.

மற்ற மாதங்களிலும் கடையில் பச்சை அஸ்பாரகஸ் இருக்கத்தான் செய்கிறது. நவம்பரில் நீங்கள் காண்பது பெரும்பாலும் பெருவிலிருந்து விமானத்தில் வந்ததாக இருக்கும். அங்கே ஈக்கா என்ற பாலைநிலப் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரை இறைத்து விளைவிக்கிறார்கள். அதனால் நீர்மட்டம் இறங்கிப்போனது அங்கே நெடுநாளாக இருக்கும் வழக்கு. அதை ஒரு பக்கம் வைத்தாலும், சுவைக்கணக்கிலேயே அது நட்டம். வெட்டிய பிறகும் குருத்து உயிரோடுதான் இருக்கிறது. மரக்கறிகளுக்குள் இவ்வளவு வேகமாக மூச்சுவிடுபவை மிகக் குறைவு. ஒவ்வொரு மணித்தியாலமும் தன்னிடமுள்ள சீனியைத் தானே எரித்துக்கொள்கிறது. அடியிலிருந்து மேல் நோக்கி நார் ஏறுகிறது. கடலைத் தாண்டி வந்து, களஞ்சியத்தில் கிடந்து, பிறகு உங்கள் கைக்கு வரும்போது இனிப்புப் போய்ப் புல்லின் வாசம் மட்டும் மிஞ்சியிருக்கும். குளிர்காலத்தில் கோவாவும் லீக்ஸும் இருக்கின்றன. அவற்றைச் சமையுங்கள்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் அடுப்பைவிட, அடுப்புக்கு முந்திய வேலைகளே அதிக இடம் பிடிக்கும். வாங்குவது, வைப்பது, சீவுவது ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் சமையல் கால் மணி நேரம். அவை பிழைத்தால் எந்த சோஸும் காப்பாற்றாது.

வெள்ளையும் பச்சையும்

இரண்டும் ஒரே செடி. பாத்தியின் மேல் மண்ணைக் குவித்து உயர்த்தி, குருத்து வெளிச்சத்தைக் காணுமுன் மண்ணுக்குள்ளேயே வெட்டினால் வெள்ளை. மண்ணுக்கு மேலே வளரவிட்டு வெட்டினால் பச்சை. வெள்ளைக் குருத்தின் தலை கொஞ்சம் வெளிச்சம் கண்டுவிட்டால் ஊதா நிறம் ஏறும். பிரெஞ்சுக்காரர் அந்த ஊதா முனையை விரும்பி வாங்குவார்கள். ஜேர்மனியில் அது ஒரு படி குறைந்த தரமாகப் பார்க்கப்படுவதால் விலை கொஞ்சம் இறங்கியிருக்கும். வீட்டுச் சமையலுக்கு அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை; மலிந்ததை எடுங்கள்.

ஊருக்கு ஊர் பெயர்போன இடங்கள் உண்டு. பெர்லினுக்குத் தென்மேற்கே பேலிட்ஸ், ஹைடல்பேர்க்குக்குப் பக்கத்தில் ஷ்வெட்சிங்கன், பவேரியாவில் ஷ்ரோபன்ஹௌசன். ஷ்ரோபன்ஹௌசனில் இந்த ஒரு மரக்கறிக்காகவே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். மூன்று இடத்துக்கும் பொதுவானது மணல் கலந்த, இளகிய மண். கனத்த களிமண்ணில் குருத்து நேராக ஏறாது. நீண்ட பாத்திகளை மூடிக் கிடக்கும் பிளாஸ்டிக் விரிப்பை ரயிலில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. கறுப்பை மேலே போட்டால் மண் சூடேறிக் குருத்து விரைந்து வரும். வெள்ளையை மேலே திருப்பினால் வெயில் தெறித்துப்போய் வளர்ச்சி மெதுவாகும். சந்தை விலையைப் பார்த்துத் தோட்டக்காரர் விரிப்பைத் திருப்பிப் போடுவார்.

விலையைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நட்டு மூன்றாம் ஆண்டில்தான் முழு விளைச்சல் வரும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வெள்ளைக் குருத்தையும் ஒரு ஆள் குனிந்து, மண்ணை விரலால் விலக்கி, நீண்ட கத்தியால் அடியில் வெட்டி எடுத்து, குழியை மூடிவிட்டு நகர வேண்டும். இந்த வேலைக்குப் பெரும்பாலும் ருமேனியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் எல்லைகள் மூடிக் கிடந்தபோது, ருமேனியத் தொழிலாளரைத் தனி விமானங்களில் ஏற்றி வந்தார்கள். ஊரே அடங்கியிருந்த நாளிலும் ஷ்பார்கல் வெட்டு நிற்கவில்லை.

கடையில் என்ன பார்ப்பது

முதலில் அடியைப் பாருங்கள், தலையை அல்ல. வெட்டுவாய் ஈரமாக, வெளிர் நிறமாக இருக்க வேண்டும். மண்ணிறமாகி, காய்ந்து, வெடித்திருந்தால் பழையது. சில கடைகளில் அடியைக் காகிதத்தால் சுற்றி வைப்பார்கள். விலக்கிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம், ஜேர்மன் பாட்டிமார் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நகத்தால் அடியை மெல்ல அழுத்தினால் சாறு கசிய வேண்டும். அந்தச் சாறு புளிப்பு வாடை அடித்தால் கட்டைத் திருப்பி வையுங்கள். அடுத்தது சத்தம். இரண்டு குருத்துகளை ஒன்றோடொன்று உரசினால் புதியது கீச்சிடும், வாடியது பேசாது. கடைசியாகத் தலை. செதில்கள் இறுக மூடியிருக்க வேண்டும். பச்சையில் தலை விரியத் தொடங்கினாலோ, நுனி ஈரமாகிக் கறுத்தாலோ, சட்டியில் போட்ட உடனே அது கரைந்து வழுவழுக்கும்.

மெல்லியதுதான் இளசு என்ற நம்பிக்கை நம்மவரிடம் பலமாக இருக்கிறது. வெண்டிக்காயிலும் பயிற்றங்காயிலும் பழகிய கண் அது. இங்கே அந்தக் கணக்கு செல்லாது. குருத்து மண்ணைப் பிளந்து வரும்போதே அதன் பருமன் தீர்மானமாகிவிடுகிறது. பிறகு அது நீளுமே தவிரப் பருக்காது. பலமான வேரிலிருந்து தடித்த குருத்து வரும். இளைத்த வேரிலிருந்து மெல்லியது வரும். மெல்லியதில் சதையை விடத் தோலின் பங்கு அதிகம், ஆகவே நாரும் அதிகம். வெள்ளை என்றால் பெருவிரல் பருமனுள்ளதையே எடுங்கள். சீவுவதும் லேசு, கழிவும் குறைவு. பச்சையை வதக்கப் போகிறீர்களானால் பென்சில் பருமன் போதும். எந்தப் பருமனானாலும் ஒரே கட்டில் எல்லாம் ஒரே அளவாக இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் பாதி குழையும்போது மீதி பச்சையாக நிற்கும்.

ஜேர்மன் முறைப்படி ஷ்பார்கலே பிரதான சாப்பாடு என்றால் ஆளுக்கு அரைக் கிலோ வெள்ளை வாங்க வேண்டும். கேட்கக் கூடுதலாகத் தோன்றும், ஆனால் சீவி, அடி வெட்டிய பிறகு கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். சோற்றோடு ஒரு கறியாக வைப்பதானால் ஆளுக்கு 200 கிராம் தாராளம். இன்னொன்று: புருக்ஷ்பார்கல் என்று எழுதி உடைந்த துண்டுகளைத் தனியே மலிவாக விற்பார்கள். நீட்டாகப் பரிமாற அது உதவாது. ஆனால் சூப்புக்கும், பின்னால் சொல்லப்போகும் சொதிக்கும் அதுவே போதும். துண்டாக வெட்டப் போகும் பொருளுக்கு நேரான அழகுக்காகக் காசு கொடுப்பது வீண்.

வீட்டில் வைப்பது

அன்றே சமைப்பதுதான் நல்லது. முடியாவிட்டால் வெள்ளையைக் கழுவாமல், சீவாமல், நனைத்துப் பிழிந்த துவாயில் சுற்றி பிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் நிற்கும். மேசையில் வெளிச்சத்தில் விட்டால் நிறம் ஏறத் தொடங்கும். பச்சையை வேறு விதமாக வைக்க வேண்டும். அடியில் ஒரு சென்றிமீற்றர் வெட்டிவிட்டு, உயரமான கிளாஸில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு அதில் நிறுத்தி, மேலே ஒரு பொலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து பிரிட்ஜில் வையுங்கள். தண்ணீரை நாளுக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்தில் வேண்டாம். அவை விடும் வாயுவால் குருத்து விரைவில் நாராகும்.

மாலையில் விருந்து என்றால் காலையிலேயே சீவி, ஈரத்துவாயில் சுற்றி வைக்கலாம். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். சுவை தண்ணீருக்குப் போய்விடும்.

சீவுதல்

பச்சைக்குக் கீழ் மூன்றில் ஒரு பங்கைச் சீவினால் போதும். மெல்லியதாக இருந்தால் அதுவும் தேவையில்லை. வெள்ளையின் கதை வேறு. அதன் தோல் எவ்வளவு நேரம் அவித்தாலும் மெதுவாகாது. தலைக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு, அங்கிருந்து அடிவரை முழுவதும் சீவ வேண்டும்.

குருத்தைக் கையில் தூக்கிப் பிடித்துச் சீவினால் உடையும். இடது உள்ளங்கையிலும் முன்கையிலும் படுக்கவைத்து, தலைப்பக்கத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துக்கொண்டு, தோல்சீவியைத் தலைக்குக் கீழிருந்து அடியை நோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். மேலே மெல்லிதாகத் தொடங்கி, கீழே போகப் போகக் கொஞ்சம் அழுத்த வேண்டும், அடியில் தோல் தடிப்பு. சற்றுச் சுழற்றி அடுத்த இழுப்பு. ஒரு சுற்று முடிந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் சரி, சொரசொரப்போ மினுக்கமான கீற்றோ எங்காவது மிஞ்சியிருந்தால் அங்கே தோல் இருக்கிறது என்று அர்த்தம். அடிப்பாதியை இரண்டாம் தடவை சீவுவதில் நட்டமில்லை. வெள்ளை ஷ்பார்கல் பிடிக்காது, வாயெல்லாம் நார் என்று சொல்பவர்களில் பலர் சரியாகச் சீவாததைச் சாப்பிட்டவர்கள்தான்.

அடியை எவ்வளவு வெட்டுவது? கையால் வளைத்து, முறிகிற இடத்தில் முறித்துவிடு என்று சொல்லும் முறை பிரபலம். பச்சைக்கு அது அவசரத்துக்கு உதவும். ஆனால் எங்கே பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முறியும் இடம் மாறும், நல்ல சதையும் சேர்ந்து போகும். கத்தியால் இரண்டு சென்றிமீற்றர் வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். நடுவில் வெள்ளை நார்க்கட்டை தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். வெள்ளையின் கசப்பும் இந்த அடியில்தான் அதிகம்.

கழுவுவது வெள்ளைக்குச் சுலபம். பச்சையின் தலைச் செதில்களுக்குள் மணல் ஒளிந்திருக்கும். குழாய்த் தண்ணீர் அதை வெளியேற்றாது. ஒரு பாத்திரம் நிறையக் குளிர்ந்த தண்ணீரில் தலைகீழாக அமிழ்த்தி, ஐந்து நிமிடம் விட்டு, ஆட்டி எடுங்கள். பாத்திரத்தின் அடியில் படிந்திருப்பதைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

சீவிய தோலை எறிய வேண்டாம். நன்றாகக் கழுவி, வெட்டிய அடிகளோடு (காய்ந்த பகுதியை மட்டும் நீக்கிவிட்டு) மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து வடித்தெடுங்கள். அதற்கு மேல் கொதித்தால் கசக்கும். ஜேர்மன் வீடுகளில் ஷ்பார்கலை அந்த வடிநீரிலேயே அவிப்பார்கள், மறுநாள் அதே நீர் சூப்பாகும். எங்கள் சொதிக்கும் அது பயன்படும்.

வெள்ளையை அவித்தல்

இதற்கென்றே உயரமான, ஒடுங்கிய, உள்ளே கூடை வைத்த பானை விற்கிறார்கள். குருத்து நின்றபடி வேகும். அடி கொதிநீரில், தலை ஆவியில். நல்ல சாமான்தான், ஆனால் ஆண்டுக்குப் பத்து வாரம் பயன்படும் பானைக்கு அலுமாரியில் இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். குருத்து நீட்டாகப் படுக்கக்கூடிய அகன்ற சட்டியே போதும்.

ஒரு லீற்றர் தண்ணீருக்கு (அல்லது தோல் வடிநீருக்கு) ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சீனி, சிறு துண்டு பட்டர். சீனி இனிப்புக்காக அல்ல, கசப்பை அமர்த்த. கொதித்ததும் குருத்துகளை அடுக்கி, மறுபடி கொதி வந்ததும் தணலைக் குறையுங்கள். துள்ளிக் கொதித்தால் தலைகள் அடிபட்டு உதிரும். மெல்லியதற்கு எட்டு நிமிடம், பெருவிரல் பருமனுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து. முள்ளுக்கரண்டியால் நடுவில் தூக்கிப் பாருங்கள். இரு முனையும் மெல்லத் தாழ்ந்தால் பதம். விறைப்பாக நின்றால் இன்னும் வேண்டும். மடிந்து தொங்கினால் காலம் கடந்துவிட்டது. பச்சையைப் போல இதைக் கடித்தால் நறுக்கென்று இருக்க விடக்கூடாது. அரைவேக்காட்டு வெள்ளை நாரும் கசப்புமாகத்தான் இருக்கும்.

பானையைக் காவல் காக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஓவன் வழி இருக்கிறது. சீவிய குருத்துகளைப் பேக்கிங் தாளின் மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, உப்பும் சீனியும் ஒவ்வொரு சிட்டிகை தூவி, பட்டர் துண்டுகள் வைத்து, பொட்டலமாக மடித்து ஓரங்களை இறுக்கி, 200 பாகையில் அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீரே சேராததால் தன் சாற்றிலேயே வேகும். சுவையில் இந்த முறைக்குத்தான் என் வாக்கு. பொட்டலத்தில் தேங்கும் சாற்றைப் பீங்கானில் ஊற்றிவிடுங்கள், வீணாக்க வேண்டாம்.

ஜேர்மன் பீங்கானில் இதற்குப் பக்கத்தில் இருப்பவை தோலோடு அவித்த புது உருளைக்கிழங்கு, மெல்லிய பன்றி இறைச்சித் துண்டுகள், மேலே ஹொலண்டேஸ் சோஸ். இறைச்சி வேண்டாதவர் கிழங்கோடு நிறுத்தலாம், ஒன்றும் குறையாது. சோஸ் செய்யவும் நேரமில்லையென்றால் 80 கிராம் பட்டரைச் சிறு சட்டியில் நுரை அடங்கி மண்ணிறமாகி வறுத்த பருப்பு வாசம் வரும்வரை காய்ச்சி, ஒரு பிடி பாண்தூளை அதில் பொரித்து மேலே கொட்டுங்கள்.

ஹொலண்டேஸ்

பெட்டியில் வரும் ஆயத்த சோஸ் எல்லாக் கடையிலும் உண்டு. அரைக் கிலோ ஷ்பார்கலுக்கு அவ்வளவு காசும், சீவுவதற்கு அவ்வளவு நேரமும் செலவழித்துவிட்டு மாவும் செயற்கை மணமும் கலந்த சோஸை அதன்மேல் ஊற்றுவது எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் செய்யப் பத்து நிமிடம்தான்.

நான்கு பேருக்கு 3 முட்டை மஞ்சட்கரு, 2 மேசைக்கரண்டி ஷ்பார்கல் வடிநீர், 150 கிராம் பட்டர், தேசிக்காய்ப்புளி, உப்பு. பட்டரை உருக்கி, கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள். சட்டியில் கொஞ்சம் தண்ணீரை மெல்லக் கொதிக்கவிட்டு, தண்ணீரில் முட்டாதபடி மேலே ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் மஞ்சட்கருவையும் வடிநீரையும் அடியுங்கள். நிறம் வெளிறி, தடித்து, அடிக்கும் கம்பி ஓடிய தடம் தெரியத் தொடங்கியதும் கிண்ணத்தை இறக்கிவிடுங்கள். 70 பாகையைத் தாண்டினால் முட்டைப்பொரியலாகிவிடும். இனி பட்டரை முதலில் சொட்டுச் சொட்டாகவும், பிடித்துக்கொண்ட பிறகு நூலாகவும் விட்டு விடாமல் அடியுங்கள். கடைசியில் உப்பும் புளியும். பிரிந்துபோனால் பதற வேண்டாம். இன்னொரு மஞ்சட்கருவை ஒரு கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் அடித்து, பிரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் சேர்த்தால் கூடிவிடும். இந்தச் சோஸில் முட்டை முழுதாக வேகுவதில்லை. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முன்னே சொன்ன பட்டரே போதும்.

முட்டையும் ஷ்பார்கலும் சேர்வதற்கு இன்னும் எளிய வழி வட இத்தாலியில் இருக்கிறது. பஸ்ஸானோ தெல் கிராப்பாவும் வெள்ளைக்குப் பேர்போன ஊர்தான். அங்கே அவித்த முட்டையை ஒவ்வொருவரும் தன் பீங்கானிலேயே முள்ளுக்கரண்டியால் மசித்து, ஒலிவ் எண்ணெய், வினாகிரி, உப்பு, மிளகு சேர்த்துக் குழைத்து, குருத்தை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். சமைப்பவருக்கு முட்டை அவிப்பதைத் தவிர வேலையில்லை.

பச்சை

பச்சைக்கு எதிரி இரண்டு: நேரமும் புளியும். கொதிக்கும் உப்புநீரில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், ஆவியில் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். பளிச்சென்ற பச்சை கொஞ்சம் மங்கத் தொடங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். புளிப்புப் பட்டால் பச்சையத்திலுள்ள மக்னீசியம் கழன்று ஒலிவ் நிறமாகிவிடும். ஆகவே தேசிக்காயோ வினாகிரியோ பீங்கானுக்கு வந்த பிறகுதான். நிறத்துக்காக அப்பச்சோடா போடுபவர்கள் உண்டு. நிறம் நிற்கும், குருத்து கூழாகும், சவர்க்காரச் சுவையும் வரும். சலாட்டுக்கு வேண்டுமென்றால் வடித்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டு ஆறவிடுங்கள்.

ஆனால் உண்மையில் பச்சைக்குத் தண்ணீரே தேவையில்லை. 220 பாகை ஓவனில் ஒலிவ் எண்ணெயும் உப்பும் பூசி ஒரே அடுக்காகப் பத்து நிமிடம் வைத்தால் வெளியே லேசாகச் சுருங்கி, முனை கருகி, உள்ளே சாறாக இருக்கும். வெயில் நாளில் நெருப்பில் இறைச்சி வாட்டும்போது ஓரத்தில் கம்பிக்குக் குறுக்காகப் போட்டாலும் அதேதான். மிக மெல்லியதைத் தோல்சீவியால் நீட்டு நாடாவாகச் சீவி, உப்பும் தேசிக்காய்ப்புளியும் எண்ணெயும் பிரட்டிப் பச்சையாகவே சாப்பிடலாம்.

எங்கள் சட்டியில்

ஜேர்மனிக்கு வந்த ஈழத்தமிழர் சமையலறைகளில் ஷ்பார்கல் மெதுவாகத்தான் நுழைந்தது. பிள்ளைகள் பள்ளியில் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்டதால் வாங்கியவர்களே அதிகம். கறித்தூள் போட்டுக் குழம்பாக வைத்துப் பார்த்து, ஒன்றும் விளங்கவில்லை என்று கைவிட்டவர்களும் உண்டு. வறுத்த யாழ்ப்பாணத் தூளுக்கு முன்னால் இந்தக் குருத்துக்கு வாயே திறக்க முடியாது. தூள் போடாத எங்கள் சமையல்கள், அதாவது வறையும் சொதியும், இதற்கு அளந்து தைத்த மாதிரிப் பொருந்தும்.

பச்சை வறைக்கு 400 கிராம் குருத்தை அரை விரற்கடை வட்டங்களாக அரிந்து, தலைகளை முழுசாகத் தனியே வையுங்கள். தாச்சியில் இரண்டு கரண்டி எண்ணெயைக் காயவிட்டு, கடுகு வெடித்ததும் இரண்டு செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, பொடியாக அரிந்த வெங்காயம். வெங்காயம் பொன்னிறமாகும்வரை காத்திராமல், வாடியதும் நெருப்பைக் கூட்டி, வட்டங்களைக் கொட்டி ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் கிளறுங்கள். இரண்டு நிமிடத்தில் தலைகள். இன்னும் ஒன்றரை நிமிடத்தில் உப்பும் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவும். ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்கிவிடுங்கள். மூடி போடாதீர்கள்; மூடினால் ஆவி இறங்கி வறை அவியலாகிவிடும். தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தையும் இதற்கு மட்டும் மறந்துவிடுங்கள்.

சொதிக்கு வெள்ளை, அதுவும் உடைந்த துண்டுகள். அரைக் கிலோவைச் சீவி மூன்று விரற்கடை நீளமாக வெட்டுங்கள். அரை லீற்றர் தோல் வடிநீரில் ஒரு வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், இரண்டு பல் உள்ளி, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு போட்டுக் கொதித்ததும் அடித்துண்டுகளை முதலில் போடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்துத் தலைகள். எல்லாம் வெந்ததும் 400 மில்லிலீற்றர் டின் தேங்காய்ப்பாலில் பாதியை ஊற்றி, கிளறிக்கொண்டே ஒரு கொதி வரும் தறுவாயில் அடுப்பை அணையுங்கள். சற்று ஆறிய பிறகுதான் தேசிக்காய்ப்புளி. கொதிக்கும்போது விட்டால் பால் திரியும். வழக்கமாகச் சொதிக்குப் போடும் வெந்தயத்தை இதில் தவிர்த்துவிடுங்கள். குருத்திலேயே மெல்லிய கசப்பு இருக்கிறது, இரண்டாவது கசப்பு வேண்டாம். இடியப்பத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் குடும்பத்தில் எங்களுக்கு அறிமுகமான ஒன்றும் உண்டு. நாட்டு வைத்தியர் கிழங்கை எடுக்கும் சாத்தாவாரி, தண்ணீர்விட்டான் என்றும் சொல்லும் கொடி, இதே இனத்தைச் சேர்ந்தது. ஆனால் சமையலில் ஒன்றுக்கு மற்றது மாற்றாகாது.

உடம்புக்கு

நூறு கிராமில் 93 பங்குக்குக் கிட்டத் தண்ணீர், 20 கலோரி, இரண்டு கிராம் அளவு புரதம், அதே அளவு நார். போலேற் சத்து நன்றாக உண்டு. வைட்டமின் கே இருப்பதால், வாபரின் வகை இரத்த உறைவு மருந்து எடுப்பவர்கள் திடீரென்று கூட்டிக் குறைக்காமல் அளவாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் சிறுநீரில் ஒரு கந்தக வாடை வரும். குருத்திலுள்ள அஸ்பாரகஸிக் அமிலம் உடைவதால் வருவது அது. சிலருக்கு அந்த வாடையை உணரும் மூக்கே இல்லை. வந்தாலும் வராவிட்டாலும் நோயல்ல. வைத்தியரிடம் ஓட வேண்டாம். தோட்டத்தில் வளர்ப்பவர்கள் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும்: இலையுதிர் காலத்தில் செடியில் காய்க்கும் சிவப்பு மணிகள் நஞ்சு. பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியதும் சேமிப்பதும்

ஜூன் நடுப்பகுதியில் விலை இறங்கியிருக்கும்போது கூட வாங்கி உறைய வைக்கலாம். பச்சையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆற்றி, துடைத்து, தட்டில் பரப்பி உறைந்த பிறகு பையில் போடுங்கள். வெள்ளையை அவிக்கத் தேவையில்லை. சீவி, அடி வெட்டி, ஈரம் துடைத்துப் பச்சையாகவே உறைய வைத்தால் ஆறேழு மாதம் நிற்கும். எடுத்துச் சமைக்கும்போது உருகவிட வேண்டாம். உருகினால் தொய்ந்துவிடும். கல்லாக இருக்கும்போதே கொதிநீரில் போடுங்கள், புதிதை விட இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே பதம் பார்க்கத் தொடங்குங்கள். எப்படி வைத்தாலும் உறைந்ததன் சதை கொஞ்சம் இளகியிருக்கும். அதைச் சூப்புக்கும் சொதிக்கும் ஒதுக்குங்கள். சமைத்து மிஞ்சிய குருத்து மறுநாள்வரை பிரிட்ஜில் நிற்கும். துண்டாக்கி முட்டைப்பொரியலுக்குள் போடலாம், அல்லது தோல் வடிநீரோடு அரைத்து, கொஞ்சம் கிரீம் விட்டுச் சூடாக்கினால் இரவுச் சாப்பாட்டுக்குச் சூப் ஆயிற்று. அரைத்த பிறகு ஒரு தடவை அரிதட்டில் வடித்துவிடுங்கள், சீவும்போது தப்பிய நார் அதில் நின்றுகொள்ளும்.